மூசாம்பரமும் சோறும்: கற்றாழைக்கு ரெண்டு சரித்திரம் (நீண்ட பதிவு)

1/
புதுச்சேரி பெரிய மார்க்கெட்டையும் அதைச் சுத்தி இருக்கிற வீதிகளையும் ஒரு ரவுண்டு வந்தா, ஒரே செடி மூணு வேஷத்துல விற்பனைக்கு இருக்கும். திருஷ்டிக் கயிறு, படிகாரம் விக்கிற இடத்துல வேரோட தலைகீழா தொங்கும். கீரைக்கும் காய்க்கும் நடுவுல மடல் மடலா அடுக்கியிருக்கும். நாட்டு மருந்துக் கடையில மூசாம்பரம்னு கேட்டா, கருப்பா பளபளன்னு ஒரு கட்டியை உடைச்சு எடை போட்டுத் தருவாங்க.

மூணும் கற்றாழைதான். இந்த மூணாவது கட்டியின் கதை தெரியாததால எத்தனை பேர் உடம்பைக் கெடுத்துக்கிறாங்கன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

2/
கிளினிக்குல அடிக்கடி வர்ற கேள்வி இது. "டாக்டர், தினமும் காலையில வெறும் வயித்துல கற்றாழை ஜூஸ் குடிக்கிறேன். ரெண்டாயிரம் வருஷமா இருக்கிற மருந்துதானே, தப்பு இல்லையே?"

ரெண்டாயிரம் வருஷம்ங்கிறது உண்மை. ஆனா அந்த ரெண்டாயிரம் வருஷப் பெருமை, நீங்க ஜூஸுக்காக வழிச்செடுக்கிற சோத்துக்கு உரியது இல்ல. அதே மடல்ல இருக்கிற இன்னொரு பொருளுக்கு உரியது. அது என்னன்னு முதல்ல பார்ப்போம்.

3/
ஒரு மடலை வெட்டி நிமிர்த்திப் பிடிங்க. பச்சைத் தோலுக்கு அடியில இருந்து மஞ்சளா ஒரு திரவம் கசியும். நாக்குல பட்டா அரை மணி நேரத்துக்குக் கசப்பு போகாது. அது கற்றாழைப் பால். தோலுக்கு ஒட்டின குழாய்களைச் சுத்தி இருக்கிற செல்கள்ல மட்டும்தான் இருக்கும்.

அதுக்கு உள்ளே கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிறது சோறு. அதுல 98, 99 சதவீதம் தண்ணிதான். மீதியில முக்கியமானது அசிமேனன் என்ற சர்க்கரைச் சங்கிலி.

ஒரே மடல்ல ஒட்டி ஒட்டி இருந்தாலும் பாலும் சோறும் வேதியியல்படி வேற வேற சரக்கு. ரெண்டுக்கும் வேற வேற வேலை.

4/
அந்த மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக விட்டா கருப்பா கட்டியாகும். அதுக்குத் தமிழ்ல ரெண்டு பேர்: கரியபோளம், மூசாம்பரம்.

இந்தப் பேர்களே ஒரு கப்பல் கதை. போளம்னா வாசனைப் பிசின். வெள்ளைப்போளம் என்பது அரேபியா, சோமாலியா பக்கத்துல விளையிற மிர் என்ற பிசின். அதோட சேர்த்துப் பார்க்கப்பட்ட கருப்புச் சரக்கு கரியபோளம். அரபியில கற்றாழைச் சரக்குக்கு ஸப்ர்னு பேர், உருதுல முஸப்பர். நம்ம மூசாம்பரம் அந்தச் சொல் குடும்பம். நாம சோறுன்னு சொல்றது வீட்டுச் சொல். மூசாம்பரம் துறைமுகச் சொல்.

5/
செடியும் அந்தத் திசையில இருந்துதான் வந்தது. கற்றாழைப் பேரினத்துல 500க்கு மேல வகைகள் இருக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்காவுல. நம்ம வீட்டுல வளர்ற வகையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம்னு 2015ல வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுச்சு.

நம்ம ஊர்ச் செடி இல்லையான்னு வருத்தப்பட வேண்டாம். மிளகாய் வெளியூர், தக்காளி வெளியூர். கற்றாழை அதுங்களுக்கெல்லாம் ரொம்ப சீனியர்.

6/
கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மொழியில ஒரு கடல் வணிகக் கையேடு எழுதினாங்க. பேர் பெரிப்ளஸ். எந்தத் துறைமுகத்துல எதை வாங்கலாம், எதை விக்கலாம்னு வரிசையா சொல்ற நூல். இன்னைக்கு ஏமன்ல இருக்கிற கானே துறைமுகத்தைப் பத்தி எழுதும்போது, அங்கிருந்து சாம்பிராணி வகையும் கற்றாழைச் சரக்கும் ஏற்றுமதி ஆகுதுன்னு குறிச்சிருக்கு.

அதே நூல்ல சோழமண்டலக் கரைக்கு வரும்போது மூணு துறைமுகம் வருது: கமரா, பொதுகே, சோபட்மா. இந்தப் பொதுகேதான் நம்ம அரிக்கமேடுன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. பெரிய மார்க்கெட்டுல இருந்து தெற்கே சில கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆத்தங்கரை. 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோமானிய மதுச் சாடிகளும் மண்பாண்டங்களும் கிடைச்ச அதே இடம்.

7/
அதே நூற்றாண்டுல ரோமப் படைகளோட போனதா சொல்லப்படுற வைத்தியர் டயாஸ்கோரிடிஸ், கற்றாழையைப் பத்தி விவரமா எழுதினார். இந்தியாவுல இது நிறைய விளையுது, அங்கிருந்து சாறு வருதுன்னும் குறிப்பிட்டார். அதாவது அந்தக் காலத்துலயே செடி அரபிக் கடலைத் தாண்டி இந்தியா பேரோட மேற்கே அறிமுகம் ஆயிடுச்சு.

அவர் எழுதினதுல முக்கியமான உபயோகம் என்ன தெரியுமா? பேதி. வயித்தைச் சுத்தம் பண்றது. புண் மேல தூவுறதும் உண்டு. கப்பல்ல போனது அந்தக் கசப்புச் சரக்குதான். சோறு கப்பல்ல போக முடியாது. ரெண்டு நாள்ல கெட்டுப்போகும்.

8/
சரக்கு எப்படித் தயாராச்சு? மடலை அடியில வெட்டி, வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி தொட்டியில சாய்ச்சு வைப்பாங்க. பிழியவே மாட்டாங்க, பிழிஞ்சா சோறு கலந்து சரக்கு தரம் கெட்டுடும். தானா வடியிற பாலை மட்டும் சேர்த்து, செம்புப் பாத்திரத்துல காய்ச்சி, கட்டியாக்குவாங்க.

வடிச்ச அப்புறம் அந்த மடல்? கழிவு. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

9/
17ஆம் நூற்றாண்டுல செடி கரீபியன் தீவுகளுக்குப் போச்சு. பார்படோஸ்ல தோட்டம் தோட்டமா வளர்த்து, காய்ச்சின சரக்கைச் சுரைக்குடுக்கையில ஊத்தி லண்டனுக்கு அனுப்பினாங்க. அதனாலதான் பல பாட்டில்கள்ல இன்னும் "அலோ பார்படென்சிஸ்"னு போட்டிருக்கும்.

1768ல ரெண்டு பேர் இந்தச் செடிக்குப் பேர் வெச்சாங்க. பிலிப் மில்லர் லண்டன்ல பார்படென்சிஸ்னு வெச்சார். நிக்கோலாஸ் பர்மன் ‘ஃப்ளோரா இண்டிகா’ என்ற நூல்ல அலோ வேரான்னு வெச்சார். பர்மன் நூல் சில நாள் முந்தி வந்ததால, தாவரவியல் சட்டப்படி அவர் வெச்ச பேர் நின்னுடுச்சு. வேரான்னா லத்தீன்ல உண்மையான, அசல்னு அர்த்தம்.

10/
நம்ம பக்கத்துலயும் சரக்கு நடமாட்டம் உண்டு. குஜராத் கடற்கரை ஜாபராபாத் பேரால வந்த மூசாம்பரம், வட்டமான கருப்புக் கட்டியா, இந்தியச் சந்தைகள்ல பேர்போன ரகம்.

மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா இருந்த வைட்லா ஐன்ஸ்லி, 1813லயும் 1826லயும் இந்திய மருந்துச் சரக்குகளைப் பத்தி நூல் எழுதினார். இங்கே கடைவீதியில கிடைக்கிற சரக்குகளைத் தமிழ்ப் பேர்களோட பட்டியல் போட்டு, நாட்டு வைத்தியர்கள் எதுக்குக் கொடுக்கிறாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதினவர். ஐரோப்பிய மருந்துப் பெட்டிக்கும் நம்ம கடைத்தெரு அஞ்சறைப்பெட்டிக்கும் பொதுவா இருந்த சரக்குகள்ல கரியபோளம் ஒண்ணு.

11/
பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் அப்படித்தான். ஜிப்மர் தன் தொடக்கம்னு சொல்ற பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1823. தாவரவியல் பூங்கா 1826. பிரெஞ்சு அதிகாரபூர்வ மருந்து நூலான கோடெக்ஸ்ல ‘அலோயெஸ்’ உண்டு. அவங்க அந்தச் சொல்லால சொன்ன மருந்து இந்தக் கருப்புச் சரக்கு.

பிரெஞ்சுக்காரங்க ‘கொமாந்தேர் தைலம்’னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. சாம்பிராணிப் பிசின், தோலு பால்சம், கூடவே கொஞ்சம் அலோயெஸ். அதோட வழிவந்ததுதான் நம்ம ஆஸ்பத்திரிகள்ல சளிக்கு ஆவி பிடிக்க, காயத்து மேல பிளாஸ்திரி ஒட்ட வெச்சிருக்கிற டிங்க்சர் பென்சாயின் காம்பவுண்ட். அந்தப் பழுப்பு பாட்டில்ல இன்னமும் மூசாம்பரம் இருக்கு. அலோபதில கற்றாழைக்கு இடமே இல்லைன்னு சொல்றவங்க கவனிக்க.

12/
நம்ம வீடுகள்ல மூசாம்பரத்தின் முக்கிய வேலை பற்று. சுளுக்கு, அடிபட்ட வீக்கம்னா முட்டை வெள்ளைக்கருவுல குழைச்சுப் பூசுவாங்க. மூசாம்பரப் பற்றுன்னு சித்த மருத்துவத்துல தனி மருந்தே இருக்கு. எலும்பு முறியலைன்னு உறுதியாகிட்டா, தோல்ல புண் இல்லைன்னா, வெளியில பூசுறதுக்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். அடிபட்ட இடம் கோணலா இருந்தா, காலை ஊன முடியலைன்னா முதல்ல எக்ஸ்ரே, அப்புறம்தான் பற்று.

உள்ளே சாப்பிடுறது வேற விஷயம். அதுக்கு வருவோம்.

13/
1851ல எடின்பரோவைச் சேர்ந்த ஸ்மித் சகோதரர்கள், இந்தச் சரக்குல இருந்து அலாயின் என்ற மூலப்பொருளைப் பிரிச்செடுத்தாங்க. கசப்புக்கும் பேதிக்கும் இதுதான் முக்கியக் காரணம்.

வேலை செய்யிற விதம் சுவாரசியம். அலாயின் வயித்துலயும் சிறுகுடல்லயும் பெருசா ஒண்ணும் பண்ணாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கிற பாக்டீரியா அதை உடைக்கும். உடைஞ்சு வர்ற பொருள் குடல் சுவரைத் தூண்டி, தண்ணியையும் உப்புகளையும் குடலுக்குள்ள இழுக்கும். அதனாலதான் ராத்திரி சாப்பிட்டா காலையில போகும்.

போகும்போது பொட்டாசியத்தையும் கூட்டிட்டுப் போகும். பிரச்சினை அங்கே ஆரம்பிக்குது.

14/
19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மருந்து நூல்ல கற்றாழையும் இரும்பும் சேர்ந்த மாத்திரை ஒண்ணு இருந்துச்சு. ரத்தச்சோகையோட மாதவிடாய் நின்னுபோன பெண்களுக்குக் கொடுப்பாங்க. தடைபட்ட மாதவிடாயை வரவைக்கும்னு நம்பிக்கை. நம்ம ஊர்லயும் அதே நம்பிக்கை இருந்தது.

மாதவிடாய் வரவைக்கும்னு கொடுத்த மருந்து, கர்ப்பத்துல என்ன பண்ணும்னு யோசிங்க. கர்ப்பிணிகள் இதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாதுன்னு பழைய நூல்களும் சொல்லுது, நாங்களும் சொல்றோம். ரெண்டு தரப்பும் ஒத்துப்போற அபூர்வமான இடம் இது.

15/
இந்த ரெண்டாயிரம் வருஷ மருந்து எப்போ சரிஞ்சது? பேதிக்கு மென்மையான மருந்துகள் வந்த பிறகு மெதுவா ஓரம் போச்சு. அமெரிக்காவின் எஃப்டிஏ, கற்றாழைப் பால் மலமிளக்கிகளைத் தயாரிக்கிற கம்பெனிகள்கிட்ட பாதுகாப்புத் தரவு கேட்டுச்சு. வரல. 2002ல, டாக்டர் சீட்டு இல்லாம விக்கிற மலமிளக்கிகள்ல இதைச் சேர்க்கக் கூடாதுன்னு ஆணை போட்டுச்சு.

பிறகு அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் ஒரு சோதனை செஞ்சது. பால் நீக்காத முழு மடல் சாற்றை ரெண்டு வருஷம் தண்ணியில கலந்து எலிகளுக்குக் கொடுத்தப்போ, பெருங்குடல்ல கட்டிகள் வந்தது. அதை வெச்சு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், முழு மடல் சாற்றை 2பி பட்டியல்ல சேர்த்துச்சு. மனிதர்களுக்குப் புற்று வரவைக்க வாய்ப்பு இருக்கலாம் என்ற வகை.

பயப்படாதீங்க. இது முழு மடல் சாற்றைப் பத்தினது. கழுவின சோற்றைப் பத்தினது இல்ல. ஆனா மிக்ஸியில தோலோட போட்டு அரைச்சுக் குடிக்கிறவங்க கவனிக்க வேண்டியது.

16/
இப்போ சோத்தோட கதை. வீட்டு வைத்தியத்துல சோறு எப்பவும் இருந்தது: தலைக்கு, சூட்டுக்கு, தீக்காயத்துக்கு. சித்த மருத்துவத்துல குமரின்னு பேர் வெச்சு எண்ணெயும் லேகியமும் செஞ்சாங்க. ஆனா நவீன மருத்துவம் இதைத் திரும்பிப் பார்த்தது 1935ல.

அந்தக் காலத்து எக்ஸ்ரே சிகிச்சையில தோல் வெந்து புண்ணாகிறது சகஜம். அமெரிக்காவுல காலின்ஸ் என்ற பேர் கொண்ட ரெண்டு டாக்டர்கள், அப்படிப் புண்பட்ட ஒரு பெண்ணுக்குப் பச்சைக் கற்றாழை மடலை வெச்சு, குணம் தெரிஞ்சதுன்னு கதிரியக்க மருத்துவ இதழ்ல எழுதினாங்க. ரெண்டாயிரம் வருஷமா கழிவாப் போன பாகம், அங்கிருந்து ஹீரோ ஆக ஆரம்பிச்சது.

1970கள்ல சோற்றைக் கெடாம பதப்படுத்துற முறைகள் வந்தது. கெடாதுன்னதும் அது கப்பல் ஏறிடுச்சு. ஷாம்பு, க்ரீம், ஜூஸ்னு சந்தையே மாறிப்போச்சு.

17/
சோதிச்சுப் பார்த்தப்போ என்ன ஆச்சு?

1996: எந்தப் பிரச்சினையில பேர் வாங்குச்சோ, அதே கதிர்வீச்சுப் புண்ணுக்கு அமெரிக்காவுல ஆய்வு. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்த 194 பெண்கள். கற்றாழை ஜெல் பூசினவங்களுக்கும் போலி ஜெல் பூசினவங்களுக்கும் வித்தியாசம் இல்ல.

1991: அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிஞ்ச வயித்துத் தையல் புண். வழக்கமான சிகிச்சையில ஆற சராசரி 53 நாள். கற்றாழை ஜெல் சேர்த்தவங்களுக்கு 83 நாள். சின்ன ஆய்வுதான், 21 பெண்கள். ஆனா திறந்த ஆழமான புண்ணுல போடாதீங்கன்னு சொல்ல அது போதும்.

2007: தீக்காயத்துக்கு 4 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, மேலோட்டமான காயம் சுமார் 9 நாள் சீக்கிரம் ஆறுச்சுன்னு கணக்கு. இது கற்றாழைக்கு நல்ல செய்தி.

2012: காயங்களுக்கான காக்ரேன் தொகுப்பாய்வு, 7 ஆய்வுகள், 347 பேர். தரமான ஆதாரம் போதாதுன்னு முடிவு.

18/
ஆக, சின்னத் தீக்காயம், வெயில்ல காந்துற தோல், வறட்சி: சோறு உதவலாம். மத்தபடி சர்க்கரை நோயை விரட்டும், கிட்னியைக் கழுவும், கொழுப்பைக் கரைக்கும்னு சொல்றதுக்கெல்லாம் மருந்தை நிறுத்துற அளவுக்கு ஆதாரம் இல்ல.

இங்கேதான் வியாபாரம் ஒரு தையல் போட்டுச்சு. பாலுக்கு இருந்த பழம்பெருமையை எடுத்துச் சோத்துக்கு மாட்டி விட்டாங்க. "ஆயிரமாயிரம் ஆண்டுகளாக"ன்னு லேபிள் பேசுறது பாலோட வரலாறு. பாட்டிலுக்குள்ள இருக்கிறது சோத்துத் தண்ணி. வீட்டுல அவசரமா அரைக்கிறப்போ ரெண்டும் கலந்துடுது. "ஜூஸ் குடிச்சா வயிறு நல்லா சுத்தமாகுது டாக்டர்"னு சந்தோஷமா சொல்றாங்க பாருங்க, அது சோறு செஞ்ச வேலை இல்ல. சரியா எடுக்காம விட்ட பால் செஞ்சது.

19/
இதுல யாருக்கு ஆபத்து அதிகம்?

இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுறவங்க, கால் வீக்கத்துக்கு நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்க. ஏற்கனவே பொட்டாசியம் தள்ளாட்டத்துல இருக்கும். தினமும் பால் கலந்த ஜூஸ் போனா பொட்டாசியம் இன்னும் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், குடல் அழற்சி இருக்கிறவங்க: உள்ளுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம குடிக்காதீங்க.

மலச்சிக்கலுக்குன்னு மாசக்கணக்கா எடுத்தா பெருங்குடலின் உட்சுவரே கருத்துப்போகும். கொலனோஸ்கோப்பியில பார்த்தா பழுப்பு, கருப்புத் திட்டு தெரியும். மலச்சிக்கல் திடீர்னு வந்தா, ரத்தம் போனா, எடை குறைஞ்சா, கற்றாழை தேடாதீங்க. காரணத்தைத் தேடுங்க.

20/
இவ்வளவு தெரிஞ்ச பிறகு நம்ம பாட்டிமார் சொன்னதைக் கேளுங்க: "கற்றாழையைத் தோல் சீவி ஏழு தண்ணி கழுவு."

பலரும் இதை சாஸ்திரம்னு நினைச்சு விட்டுட்டாங்க. அலாயின் தண்ணியில கரையும். ஒவ்வொரு தண்ணிக்கும் பால் குறையும், கசப்பு குறையும். ஆய்வுக்கூடம் இல்லாத வீட்டுல கசப்புதான் மீட்டர். ஏழுங்கிற எண்ணுல மந்திரம் இல்ல. கசப்பு போற வரைக்கும் கழுவுங்கிறதைக் குழந்தைக்கும் புரியிற மாதிரி எண்ணா சொல்லியிருக்காங்க.

பாலும் சோறும் வேறங்கிறது நம்ம சமையலறைக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. மருந்து பேதிக்கடையில, சோறு அடுப்படியில. மிக்ஸியும் அவசரமும் வந்த பிறகுதான் அதை மறந்தோம்.

21/
சரி, வீட்டுல வளர்க்கிறது எப்படி? இதைவிட சுலபமான செடி இல்ல.

அடியில ஓட்டை உள்ள தொட்டி. மண்ணும் மணலும் சரிபாதி, ஒரு கை மக்கின உரம். விரலை விட்டுப் பார்த்து உள்ளே காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. கற்றாழை சாகிறது பெரும்பாலும் தாகத்தால இல்ல, நாம ஊத்துற தண்ணியால, வேர் அழுகிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில தொட்டியை ஓட்டுக்கு அடியில நகர்த்தி வைங்க.

விதை தேவையில்ல. தாய்ச்செடி பக்கத்துல குட்டி வரும். ஒரு ஜாண் உயரம் ஆனதும் வேரோட பிரிச்சு, ரெண்டு நாள் நிழல்ல காயவெச்சு நட்டுடுங்க. அரேபியாவுல இருந்து இந்தச் செடி உலகம் முழுக்கப் போனதும் இப்படிக் குட்டி குட்டியா, கை மாறி கை மாறித்தான்.

22/
வாசல்ல தலைகீழா தொங்குற செடி மாசக்கணக்கா எப்படி உயிரோட இருக்கு? மடல் முழுக்கத் தண்ணிச் சேமிப்பு. தவிர, மத்த செடி மாதிரி பகல்ல மூச்சு வாங்காது. ராத்திரி குளிர்ச்சியிலதான் இலைத்துளையைத் திறக்கும். அதனால ஈரம் வீணாகாது. திருஷ்டி கழியுமான்னு என்னைக் கேக்காதீங்க, அது என் டிபார்ட்மென்ட் இல்ல.

23/
பயன்படுத்தும் முறை:

வெளிவரிசையில இருக்கிற தடிச்ச மடலை அடியோட வெட்டுங்க. வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி கால் மணி நேரம் நிறுத்தி வைங்க. மஞ்சள் பால் வடியும். பார்படோஸ் தொட்டியில செஞ்ச அதே வேலை. அவங்க பாலை எடுத்துட்டு மடலை எறிஞ்சாங்க, நாம பாலை எறிஞ்சுட்டு மடலை எடுக்கிறோம்.

தோலைத் தடிமனா சீவுங்க. பச்சை கொஞ்சமும் ஒட்டக் கூடாது. கசப்பு போற வரை கழுவுங்க. முதல் முறை பூசுறவங்க முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும். மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு நாளுக்குள்ள முடிச்சுடுங்க.

அழகுக்கு வளர்க்கிற வேற கற்றாழை வகைகள், நார் எடுக்கிற ஆனைக்கற்றாழை இதுல எதையும் வாயில வைக்காதீங்க. அது வேற செடி.

24/
சமையல்ல சுட்டுக்கிட்டா முதல் மருந்து கற்றாழை இல்ல. குழாய்த் தண்ணி, 20 நிமிஷம். ஐஸ், டூத்பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். சூடு தணிஞ்ச பிறகு, தோல் கிழியாம சிவந்து மட்டும் இருந்தா, கழுவின சோற்றைப் பூசலாம். கொப்புளம் பெருசா இருந்தா, முகம், கை, மர்ம இடத்துல பட்டிருந்தா, உள்ளங்கை அளவைவிட அதிகமா இருந்தா, குழந்தைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க. நேரா வாங்க, பூசிட்டு வராதீங்க. நாங்க அதைக் கழுவினாதான் காயத்தின் ஆழம் தெரியும், கழுவும்போது வலிக்கிறது உங்களுக்கு.

25/
சுருக்கமா:

பால் வேற, சோறு வேற.
பழைய வரலாறு பெரும்பாலும் பாலோடது. அது கடுமையான பேதி மருந்து. தினசரி பானம் இல்ல.
சோறு தோலுக்கு நல்ல துணை. குடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்ல.
எடுத்தா வடியவிடுங்க, சீவுங்க, கழுவுங்க.
ஓடுற மாத்திரையை இதுக்காக நிறுத்தாதீங்க.

வீட்டுல ஜூஸ் குடிக்கிற அம்மா, அப்பா, பெரியப்பா யாராவது இருந்தா இந்தப் பதிவைக் காட்டுங்க. முக்கியமா அவங்க பிபி, இதய மாத்திரை லிஸ்டையும் எடுத்துப் பாருங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் போடுறேன்.